பழைய தெருக்களில் குடியிருப்போர் சங்கம் என்னதான் செய்கிறது?

குடியிருப்போர் நலச் சங்கம் என்றதும் குப்பை, தெருவிளக்கு, தண்ணீர், வண்டி நிறுத்தும் தகராறு இவைதான் நினைவுக்கு வரும். எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் இந்த வேலைகள் உண்டு. ஆனால் நூறு, இருநூறு வருடப் பழைய வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு நகரப் பகுதியில் சங்கத்துக்கு இன்னொரு பொறுப்பும் சேர்ந்துகொள்கிறது. அந்த இடம் தன் முகத்தை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதே சமயம் மக்கள் அங்கே தொடர்ந்து குடியிருக்கவும் வழி இருக்க வேண்டும். இந்த இரண்டும் அடிக்கடி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். அப்படி ஒரு பகுதிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கும், சங்கத்தில் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கும் இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சங்கத்துக்குச் சட்டப்படி அதிகாரம் எதுவும் கிடையாது. கட்ட அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நகராட்சியின் வேலை. பாரம்பரியப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் அதற்கென்று தனிக் குழுவே இருக்கும். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலுள்ள பழைய பிரெஞ்சுக் குடியிருப்புக்கு 1930களிலிருந்தே அப்படி ஒரு ஆணையம் இருக்கிறது. நியூயார்க்கில் 1965இல் வந்தது. பிரிட்டனில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒரு பகுதி முழுவதையும் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. சங்கம் இந்த அமைப்புகளுக்கு வெளியே நிற்கிறது. அது விரும்பி வந்து சேர்ந்த அக்கம்பக்கத்தாரின் கூட்டம். யாருடைய கடப்பாரையையும் அது பிடுங்கி வைக்க முடியாது.

அப்படியானால் அதன் பேச்சுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? அந்தத் தெருவை வருடக்கணக்காக, ஒரு நாள் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவர்கள்தான். அதிகாரிகள் இடமாற்றலாகிப் போவார்கள். கட்டுமான நிறுவனம் வேலை முடிந்ததும் கிளம்பிவிடும். எந்த வீட்டின் பின்சுவர் எப்போது இடிந்தது, எந்தச் சாக்கடை எந்த மழைக்கு நிரம்பும், பத்து வருடத்துக்கு முன்னால் அந்த மூலை வீட்டுக்கு என்ன நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள் என்பதெல்லாம் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும். அதை ஒழுங்காக எழுதிவைத்து, கேட்க வேண்டிய நேரத்தில் கேட்க வேண்டிய இடத்தில் போய்ச் சொல்வதுதான் சங்கத்தின் பலம்.

அதிகாரம் இல்லாதவர்கள் என்ன சாதித்துவிட முடியும் என்று நினைக்க வேண்டாம். நியூயார்க் நகரின் புரூக்ளின் ஹைட்ஸ் பகுதியில் 1910இல் ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1940களில் ராபர்ட் மோசஸ் என்ற செல்வாக்குள்ள அதிகாரி அந்த வழியாக விரைவுச்சாலை போடக் கிளம்பினார். அது குடியிருப்பின் நடுவே வந்துவிடும் என்ற பேச்சு எழுந்ததும் அங்கிருந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். கடைசியில் சாலை நீர்முனைச் சரிவின் விளிம்புக்குப் போனது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அடுக்குச் சாலை, அதற்கும் மேலே மக்கள் நடப்பதற்கு ஒரு திறந்த தளம். அந்த நடைதளம் 1950இல் திறக்கப்பட்டது. இன்று நகரத்தைப் பார்க்க வருபவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம் அது.

அதற்கு அடுத்த கட்டம்தான் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. 1950களின் கடைசியில் அதே பகுதிக்காரர்கள் இடிப்பிலிருந்து வீடுகளைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார்கள். வெறுமனே உரக்கக் கேட்டதோடு அவர்கள் நிற்கவில்லை. கிளே லங்காஸ்டர் என்ற கட்டடக்கலை வரலாற்றாசிரியர் அந்தப் பகுதியைத் தெருத்தெருவாக ஆராய்ந்து, அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முந்தைய வீடுகளை ஒவ்வொன்றாகக் கணக்கெடுத்தார். அறுநூறுக்கும் மேல் தேறியது. இந்தக் கணக்கு கையில் இருந்ததால் பேச்சின் தன்மையே மாறியது. ‘அழகான பழைய இடம்’ என்று பொதுவாகச் சொல்வதற்கும், இன்ன தெருவில் இன்ன எண் வீடு இன்ன காலத்தது என்று பட்டியலை நீட்டுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. 1965இல் நகரம் சட்டம் கொண்டுவந்தது. அதே வருடம் நவம்பரில் அந்தச் சட்டத்தின் கீழ் முதல் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்கப்பட்டது புரூக்ளின் ஹைட்ஸ்தான்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், பீக்கன் ஹில் என்ற குன்றுப் பகுதியில் சண்டை இன்னும் சின்ன விஷயத்துக்காக நடந்தது: நடைபாதைச் செங்கல். 1947இல் நகராட்சி அந்தச் செங்கற்களைப் பெயர்த்துவிட்டு கான்கிரீட் போட ஆள் அனுப்பியது. அந்தத் தெருப் பெண்கள் போய் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நகராட்சி பின்வாங்கியது. 1955இல் மாநிலச் சட்டமே அந்தக் குன்றைப் பாரம்பரியப் பகுதியாக்கியது. செங்கல் இன்றும் அங்கே இருக்கிறது.

நம் நாட்டிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. மும்பையின் ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள விக்டோரிய கோதிக் பாணிக் கட்டடங்களும் ஆர்ட் டெகோ பாணிக் கட்டடங்களும் 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. கட்டடக்கலை அறிஞர்களோடு அந்தப் பகுதிக் குடியிருப்போர் அமைப்புகளும் சேர்ந்து பல வருடம் உழைத்ததன் பலன் அது.

இவையெல்லாம் பெரிய வெற்றிகள், தலைமுறைக்கு ஒருமுறை வருபவை. சங்கத்தின் அன்றாட வேலை இதைவிட அமைதியானது. நேர்மையாகச் சொன்னால், அதில் பெரும்பகுதி காகிதம் படிப்பதுதான்.

ஒரு விண்ணப்பம் வருகிறது

தெருமூலையில் இருக்கும் இரண்டு மாடி வீட்டின் மேல் இன்னொரு மாடி எழுப்ப உரிமையாளர் அனுமதி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல நகரங்களில் இப்படிப்பட்ட விண்ணப்பத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துச் சொல்லக் கெடு கொடுப்பார்கள். பெரும்பாலும் சில வாரங்கள்தான். அந்தக் கெடுவைத் தவறவிட்டால் அப்புறம் என்ன நியாயம் பேசினாலும் எடுபடாது. அதனால் ஒழுங்காக நடக்கும் சங்கத்தில், வாராவாரம் நகராட்சியின் அறிவிப்புப் பட்டியலைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். சங்கத்தின் மிக முக்கியமான ஆள் அவர்தான் என்பேன். தலைவரைவிடவும்.

வரைபடம் கைக்கு வந்ததும் பலரும் முகப்புப் படத்தைத்தான் பார்ப்பார்கள். அது பெரும்பாலும் அழகாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது குறுக்குவெட்டுப் படம், அதாவது கட்டடத்தை நெடுக்காக வெட்டிப் பார்த்தது போல உயரங்களைக் காட்டும் படம். புது மாடியின் கூரை பக்கத்து வீட்டுக் கைப்பிடிச்சுவரைவிட எவ்வளவு உயரம்? லிஃப்ட் இயந்திர அறையும் தண்ணீர்த் தொட்டியும் ஏசி இயந்திரங்களும் அந்த உயரக் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா, இல்லை படத்தில் புள்ளிக்கோடாகப் போட்டு விட்டிருக்கிறார்களா? தெருவில் நின்று பார்த்தால் புது மாடி கண்ணில் படுமா, அல்லது உள்ளே தள்ளிக் கட்டப்படுகிறதா? அஸ்திவாரத்துக்கு எவ்வளவு ஆழம் தோண்டுகிறார்கள்? பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் இருப்பது சாதாரணம். அந்தச் சுவர் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறையையும் தாங்கிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் இருந்தால் இரண்டு மூன்று பேர் நேரில் போய் நின்று பார்க்க வேண்டும். எதிர்ச்சாரியில், ஒரு ஆளின் கண் உயரத்திலிருந்து படம் எடுக்க வேண்டும். முடிந்தால் உரிமையாளரிடமே பேசிவிடுவது இன்னும் நல்லது. பல சமயம் அவருக்கு வேண்டியது ஒரு அறை கூடுதலாக இருந்தால் போதும் என்பதுதான். ‘மாடியை முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை’ என்று சொன்னால், பாதிச் சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் எழுத வேண்டும். இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ‘இது எங்கள் தெருவின் அழகைக் கெடுக்கும்’ என்று நாற்பது பேர் தனித்தனியாகக் கையெழுத்துப் போட்ட ஒரே மாதிரிக் கடிதத்தை விட, ஒரே ஒரு நல்ல கடிதம் அதிகம் வேலை செய்யும். அனுமதி கொடுக்கும் அதிகாரி தன் முடிவுக்கு விதியைக் காரணம் காட்டியாக வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியின் பழமையைக் காக்கும் பாதுகாப்புத் திட்டத்தின் எந்தப் பிரிவு கூரை வரிசையைப் பற்றிப் பேசுகிறது, இந்தத் தெருவில் எத்தனை வீடுகள் ஒரே உயரத்தில் நிற்கின்றன, இதே மாதிரி ஒரு விண்ணப்பத்துக்கு முன்பு என்ன முடிவு எடுத்தார்கள் என்பவை எடுபடும். பக்கத்து வீட்டின் மதிப்புக் குறையும், விண்ணப்பித்தவர் நல்லவர் இல்லை, எங்கள் ஜன்னலிலிருந்து தெரியும் காட்சி மறையும் என்பவை பெரும்பாலான இடங்களில் கணக்கிலேயே வராது.

அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேலை முடிந்துவிடவில்லை. வேலை தொடங்கும் முன் அக்கம்பக்கத்து வீடுகளின் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்துவைக்கச் சங்கம் சொல்ல வேண்டும். ஏற்கனவே விரிசல் இருந்தால் அதன் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதிவைப்பது பழைய முறை. சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறிந்துவிடும். இப்போது அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் தகடுகள் கிடைக்கின்றன. விரிசல் எவ்வளவு விரிந்தது என்பதை மில்லிமீட்டர் கணக்கில் படிக்கலாம். ‘இந்த விரிசல் எப்போதும் இருந்ததுதான்’ என்று கட்டுமானக்காரர் சொல்லும்போது அந்தப் படமும் தகடும்தான் பதில் பேசும்.

சிமெண்ட், செங்கல், செடி

பழைய பகுதிகள் பெரிய இடிப்பால் மட்டும் அழிவதில்லை. நல்ல எண்ணத்தோடு செய்யும் தவறான பழுதுபார்ப்பாலும் மெல்ல மெல்ல அழிகின்றன. சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவருக்கு சிமெண்ட் பூசுவது இதில் முதலிடம். பழைய செங்கல் மென்மையானது, ஈரத்தை உள்ளே இழுக்கும். சுண்ணாம்புக் காரை பருத்திச் சட்டை மாதிரி அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அப்படி விடாது. ஈரம் சுவருக்குள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லின் முகம் பொரிந்து உதிரத் தொடங்கும். ஒரு சுவரில் சிமெண்ட் இணைப்பு மட்டும் கெட்டியாக நிற்க, நடுவே செங்கல் குழிந்துபோயிருப்பதைப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். வீட்டுக்காரர் பாவம், செலவு செய்து பலமாக்கியதாகத்தான் நினைத்திருப்பார்.

இதைத் தடுக்க ஆட்சேபக் கடிதம் உதவாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார், பழைய மர ஜன்னலைச் சரிசெய்யத் தெரிந்த தச்சர், ஓடு மாற்றத் தெரிந்தவர் யார் யார் என்ற பட்டியலைச் சங்கம் வைத்திருந்து, கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம். வருடத்தில் ஒரு நாள் அவர்களை வரவழைத்து ஒரு சுவரில் வேலை செய்து காட்டச் சொல்லலாம். ஐந்து வீட்டுக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து சாரம் கட்டினால் செலவும் குறையும். எனக்குத் தெரிந்த வரையில், சங்கம் செய்யும் வேலைகளிலேயே மிகக் குறைந்த சண்டையோடு மிக அதிகப் பலன் தருவது இதுதான்.

வேண்டுமென்றே பராமரிக்காமல் விடுவதும் உண்டு. இடிக்க அனுமதி கிடைக்காத உரிமையாளர் கூரை ஒழுகட்டும் என்று விட்டுவிடுவார். வடிகுழாய் அடைத்துக்கொள்ளும், சுவரில் செடி முளைக்கும், வேர் உள்ளே போய்க் கல்லைப் பிளக்கும். சில வருடம் கழித்து ‘இந்தக் கட்டடம் ஆபத்தானது’ என்று பொறியாளரின் சான்றிதழோடு வருவார். அப்போது யாராலும் மறுக்க முடியாது, ஏனென்றால் அது உண்மையிலேயே ஆபத்தாகத்தான் இருக்கும். எனவே செடி கைக்கு எட்டும் அளவில் இருக்கும்போதே புகார் போக வேண்டும். பூட்டிக் கிடக்கும் வீடுகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நின்று படம் எடுத்து வைத்தால், அது சிதைவதை வரிசையாகக் காட்டலாம்.

தெருவைத் தோண்டுவதும் தனி வேலை. குழாய்க்காரர்களும் கேபிள்காரர்களும் பாவுகல்லைப் பெயர்ப்பார்கள், வேலை முடிந்ததும் தாரை ஊற்றி மூடிவிட்டுப் போவார்கள். பெயர்த்த கல்லை எங்கே வைக்கிறார்கள் என்று அன்றைக்கே கேட்டு எழுதி வாங்க வேண்டும். அடுத்த வாரம் கேட்டால் கல் இருக்காது.

கட்டடம் இருக்கிறது, ஆள் எங்கே?

லண்டனின் காவெண்ட் கார்டன் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்கறிச் சந்தை அங்கிருந்து வெளியேறப் போகிறது என்றதும், பெரும் பகுதியை இடித்துவிட்டு அகலச் சாலைகளும் அலுவலகங்களும் விடுதிகளும் கட்டத் திட்டம் போட்டார்கள். 1971இல் அங்கு வாழ்ந்தவர்களும் வேலை செய்தவர்களும் சேர்ந்து சங்கம் அமைத்தார்கள். 1973இல் அரசு ஏராளமான கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தது, இடிப்புத் திட்டம் நின்றுபோனது. சந்தை 1974இல் இடம் மாறியது. கட்டடங்கள் பிழைத்தன. அழகாகப் பிழைத்ததால் உலகமே பார்க்க வந்தது. கடைகளும் மது அருந்தகங்களும் பெருகின, வாடகை ஏறியது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது. இன்று அதன் நேரத்தில் பெரும் பங்கு மதுக்கடை உரிமங்களுக்கும், இரவுச் சத்தத்துக்கும், நடைபாதையில் பரப்பும் மேசைகளுக்கும் போகிறது. இடிப்பதை நிறுத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

வெனிஸ் இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு. 1951இல் அதன் பழைய நகரத் தீவுகளில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அது 50,000க்கும் கீழே போய்விட்டது. ஒரு கட்டடத்தின் நெற்றியைக்கூட மாற்ற முடியாத அளவுக்கு விதிகள் இருக்கும் நகரம் அது. ஆனால் குடும்பம் நடத்த வீடு கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. பள்ளிக்கூடமும் செருப்புத் தைக்கும் கடையும் போன இடத்தில் சுற்றுலாக்காரர்களுக்கான முகமூடிக் கடை வரும்.

அதனால்தான் வீடுகளை நாள் வாடகைக்கு விடும் பிரச்சினை பழைய பகுதிச் சங்கங்களின் கூட்டங்களில் இப்போது திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வரிசையில் இருக்கும் பத்து வீடுகளில் ஏழு வீட்டில் வாராவாரம் வேறு வேறு முகம் என்றால், குழாய் உடைந்தால் யாரிடம் சொல்வது, முதியவர் ஒருவர் இரண்டு நாளாகக் கதவைத் திறக்கவில்லை என்பதை யார் கவனிப்பது? பார்சிலோனா நகராட்சி தன் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப் போவதில்லை என்று 2024இல் அறிவித்தது. எல்லா நகரமும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் எந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறது, எதற்கு இல்லை என்று நகராட்சியிடம் கேட்டு வாங்கித் தெருவாரியாகக் குறித்து வைப்பதை எந்தச் சங்கமும் செய்யலாம்.

இந்த இடத்தில் சங்கம் தன்னையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாம் யாருக்காகப் பேசுகிறோம்? செயற்குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரர்கள், வயதானவர்கள், மாலை நேரத்தில் கூட்டத்துக்கு வர வசதி உள்ளவர்கள். வாடகைக்கு இருப்பவர்கள், கடை வைத்திருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் அங்கே இருப்பதில்லை. பாரம்பரியப் பகுதி என்ற பெயர் கிடைத்ததும் வீட்டு மதிப்பு ஏறினால் உரிமையாளருக்கு மகிழ்ச்சி, வாடகைக்காரருக்கு வெளியேற்றம். வாடகைக்காரர்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கும் விதிமுறை இல்லாத சங்கம், அந்தப் பகுதியின் சார்பில் பேசுகிறேன் என்று சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

அதேபோல, வருவதையெல்லாம் எதிர்க்கும் சங்கத்தின் கடிதத்தை அதிகாரிகள் கொஞ்ச நாளில் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள். சக்கர நாற்காலிக்கான சாய்தளம், முதியவருக்கான லிஃப்ட், தெருவிலிருந்து தெரியாத கூரையில் சூரியத் தகடு இவற்றையெல்லாம் ‘பழமை கெடும்’ என்று தடுத்தால், அந்த வீட்டில் வசிப்பவரைத்தான் வெளியே அனுப்புகிறோம். நல்ல திட்டம் வந்தால் ஆதரித்து எழுத வேண்டும். ‘இதை வரவேற்கிறோம், படிக்கட்டின் கைப்பிடியை மட்டும் பழைய இரும்பிலேயே வைக்கலாம்’ என்று ஒரு கடிதம் போயிருந்தால், அடுத்த முறை ஆட்சேபம் போகும்போது அதற்குக் கனம் இருக்கும்.

சரி, சேர்வதென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், முதல் இரண்டு கூட்டங்களில் பேசாமல் கேளுங்கள். எந்தச் சண்டை யாருக்கும் யாருக்கும் எத்தனை நாளாக நடக்கிறது என்று புரிந்துவிடும். சந்தா எவ்வளவு, கணக்கு தணிக்கையாகிறதா, சங்கம் முறையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நீதிமன்றம் வரை போக நேர்ந்தால் பதிவு பெற்ற சங்கமாக இருப்பது உதவும். அப்புறம் ஒரு சின்ன வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: கூட்டக் குறிப்பு எழுதுவது, அறிவிப்புப் பட்டியல் பார்ப்பது, ஒரு தெருவைப் படம் எடுப்பது. யாரும் எடுத்துக்கொள்ள விரும்பாத வேலைகள் இவை.

இன்னொன்றையும் கேளுங்கள். பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன? பல சங்கங்களில் அது முன்னாள் செயலாளர் ஒருவர் வீட்டு அலமாரியில், அட்டைப் பெட்டிகளில் இருக்கும். முப்பது வருட மனுக்கள், பதில்கள், நிபந்தனை போட்ட அனுமதிகள், மஞ்சளடித்த புகைப்படங்கள். அவர் வீடு மாறினாலோ இறந்துபோனாலோ வாரிசுகள் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவார்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, ஒரு ஸ்கேனரோடு போங்கள். ஒவ்வொரு காகிதத்துக்கும் வீட்டு எண்ணையும் வருடத்தையும் கோப்புப் பெயராகக் கொடுங்கள். ஒரு பிரதி சங்கத்திடமும் ஒன்று பக்கத்து நூலகத்திலும் இருக்கட்டும். பெட்டியில் இருக்கும் தலைப்பில்லாத படங்களை அவர் முன்னால் ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, எந்த வீடு, எந்த வருடம், நிற்பது யார் என்று கேட்டு அன்றைக்கே பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள்.